‘விண்டர்ஸ் போன்’ படத்தில் கதாநாயகி ரீயை அடிப்பதும் பெண்கள், கடைசியில் உதவுவதும் அதே பெண்கள். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

அந்தப் பெண்களுக்கு இரண்டும் ஒரே வேலைதான். முடிவெடுப்பது ஆண்கள். அந்த முடிவு தரும் அழுக்கு வேலையெல்லாம் பெண்கள் தலையில் விழுகிறது. அடித்து வாயை மூடவைப்பதும் அதில் சேர்த்தி, ரீயின் அப்பாவின் பிணம் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவதும் சேர்த்தி. அந்தப் பெண்களில் முன்னால் நிற்கும் மெராப் கடைசியில் மனம் மாறிவிட்டாள் என்று பலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். முடிவுவரை பேச வேண்டியிருக்கிறது, படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

டேனியல் வுட்ரெல் 2006-இல் எழுதிய நாவலை வைத்து டெப்ரா கிரானிக் இயக்கி 2010-இல் வந்த படம் இது. கதை நடப்பது அமெரிக்காவின் மிசோரி மாநிலத்துத் தெற்கில், ஓசார்க் மலைப்பகுதியில். ரீ டாலிக்கு 17 வயது. அம்மா மனம் கலங்கிப் பேச்சற்றுக் கிடக்கிறார். தம்பி சன்னி, தங்கை ஆஷ்லி இருவரையும் வளர்ப்பது ரீதான். அப்பா ஜெசப் மெத் என்னும் போதைப்பொருள் காய்ச்சுபவர், வழக்கு இருக்கிறது, ஆளைக் காணோம்.

வறுமை இந்தப் படத்தில் கிழிந்த உடையாக வருவதைவிட, சட்டக் கணக்காக வருவதுதான் அதிகம். ஜாமீன் கணக்கைப் பிடித்துக்கொண்டால் கதை முழுதும் விளங்கும். அமெரிக்காவில் ஜாமீன் தொகை கையில் இல்லாதவர் தனியார் ஜாமீன் ஏஜென்டிடம் போவார். வழக்கமாக மொத்தத் தொகையில் 10 சதவீதம் கட்டணம், அது திரும்பி வராது. பாக்கிக்கு ஈடு எழுதிக்கொடுக்க வேண்டும். ஆள் வாய்தாவுக்கு வராவிட்டால் ஏஜென்ட் கோர்ட்டுக்கு முழுத்தொகையும் கட்ட நேரிடும், அதனால் ஈட்டை எடுத்துக்கொள்வார். ஜெசப் ஈடாக எழுதிவைத்தது குடியிருக்கும் வீட்டையும் அதை ஒட்டிய காட்டையும். ஆள் செத்துவிட்டால் பிணைப்பொறுப்பு தீர்ந்துவிடும், ஆனால் செத்ததற்கு ஆதாரம் வேண்டும். ஆக, அப்பா ஓடிப்போயிருந்தால் வீடு போகும், செத்திருந்தால் வீடு மிஞ்சும். பெற்ற தகப்பனின் பிணத்தைத் தேடிப்போகும் நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளுவது இந்தக் கணக்கு. இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வீடும் நிலமும் ஜாமீனுக்குப் போதவில்லை, யாரோ ஒருவர் ரொக்கத்தோடு வந்து பாக்கியைக் கட்டியிருக்கிறார். ஜெசப் போலீசுக்குத் தகவல் கொடுக்கிறார் என்று தெரிந்தவர்களுக்கு, அவரைத் தீர்த்துக்கட்ட, அவர் வெளியே வர வேண்டியிருந்தது என்பதை அந்த ஒரு வரியிலேயே படம் சொல்லிவிடுகிறது.

இனி வாசல்களைக் கவனியுங்கள். ரீ வீடு வீடாக நடந்தே போகிறாள். பெரும்பாலும் முதலில் வெளியே வந்து நிற்பது ஒரு பெண். மில்டன் குடும்பத்தின் தலைவர் தம்ப் மில்டனைப் பார்க்கப் போகும்போது மெராப் (டேல் டிக்கி) வழிமறித்து, இதையெல்லாம் செய்ய உன் வீட்டில் ஆம்பளை கிடையாதா என்கிறாள். அது வெறும் ஏளனம் இல்லை. ஆண்கள் விவகாரத்தில் பெண் நேரடியாக வந்து கேட்டால், பதில் சொன்னாலும் சிக்கல், விரட்டினாலும் சிக்கல். அதனால்தான் தம்ப் ரீயைச் சந்திக்க மறுத்துக்கொண்டே இருக்கிறார், மாட்டுச் சந்தையில் அவள் பெயர் சொல்லிக் கத்தியும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கொட்டகைக் காட்சிதான் படத்தின் அச்சாணி. ரீ மறுபடியும் தேடி வந்ததும் மெராபும் மற்ற பெண்களும் சேர்ந்து பல் உடைய அடிக்கிறார்கள். பெரியப்பா டியர்டிராப் (ஜான் ஹாக்ஸ்) வந்து யார் கை வைத்தது என்று கேட்கிறார். ஆண்கள் யாரும் இவளைத் தொடவில்லை, அடித்தது நான்தான் என்று மெராப் முந்திக்கொள்கிறாள். ஒரு ஆண் அடித்திருந்தால் டியர்டிராப் பதிலுக்கு அவனைக் கொன்றாக வேண்டும், பகை மூண்டுவிடும். பெண்கள் அடித்தால் அந்த வழக்கத்தில் அது கொலைக்கு உரிய கணக்கில் வராது. மிரட்டலும் நடந்தது, ஆண்களுக்குள் ரத்தமும் சிந்தவில்லை. பெண்ணின் வன்முறைக்கு அந்த ஊரில் இருக்கும் பயன் இதுதான்.

குளத்துக் காட்சியும் இதே தர்க்கம்தான். அடித்த செய்தி ஊரில் பரவி மில்டன் குடும்பத்தின் பெயர் கெடுகிறது, பேச்சை நிறுத்த வேண்டும். ஆகவே மெராபும் சகோதரிகளும் ரீயின் தலையில் சாக்கு மாட்டிக் கூட்டிப்போய், படகில் ஏற்றி, நீருக்குள் கிடக்கும் அப்பாவின் கையைப் பிடிக்கச் சொல்லி மரமறுக்கும் ரம்பத்தால் அறுக்கிறார்கள். ஒரு கையோடு ரீ விட்டுவிடுகிறாள். இன்னொன்றும் வேண்டும் என்கிறாள் மெராப், ஜெயிலுக்குத் தப்ப ஒரு கையைத் தானே வெட்டிக்கொண்டான் என்று சொல்லிவிடுவார்களாம். அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவள் அவள். அங்கே இருப்பது பரிவு இல்லை, பொறுப்பு.

ரீக்கு முன்னால் இருக்கும் வழிகளைப் படம் வசனமே இல்லாமல் பள்ளிக்கூடத்தில் காட்டுகிறது. ஒரு வகுப்பில் மாணவர்கள் பொம்மைக் குழந்தையை வைத்துக்கொண்டு பிள்ளை வளர்ப்பு பழகுகிறார்கள், வேறொரு இடத்தில் ராணுவ அணிவகுப்பு நடக்கிறது. முதல் வழியில் போனவள் தோழி கெயில். கைக்குழந்தையோடு இருக்கிறாள், டிரக் சாவிக்குக் கணவன் அனுமதி வேண்டும். இரண்டாவது வழியை ரீ முயன்று பார்க்கிறாள். ராணுவத்தில் சேர்ந்தால் 40,000 டாலர் போனஸ். ஆனால் பணம் உடனே வராது, தம்பி தங்கையைக் கூட்டிப்போக முடியாது, 17 வயதுக்குப் பெற்றோர் கையெழுத்து வேறு வேண்டும். அம்மாவால் இயலாது, அப்பாவைக் காணோம். அவளிடம் பேசும் ஆள்சேர்ப்பு அதிகாரியாக நடித்தவர் நிஜமாகவே ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர். அவர் அவளை ஏமாற்றப் பார்ப்பதில்லை, நிதானமாகப் பேசிப் போய்விட்டு வரச் சொல்கிறார். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

அணில் வேட்டையையும் சொல்ல வேண்டும். தம்பி, தங்கை இருவருக்குமே துப்பாக்கி பிடிக்கவும் தோலுரிக்கவும் ரீ சொல்லிக்கொடுக்கிறாள். குடலை எடுக்கத் தயங்கும் சன்னியை விடுவதில்லை. அந்த ஊரில் ஆண் வேலை, பெண் வேலை என்ற கோடு அழிவதை நான் பார்த்தது அந்தக் கொல்லையில் மட்டும்தான்.

ஆண்களுக்கும் இந்த வழக்கம் விலை வைத்திருக்கிறது. தம்பியைக் கொன்றது யாரென்று தெரிந்தாலும் தன்னிடம் சொல்லாதே என்று டியர்டிராப் ரீயிடம் கேட்டுக்கொள்கிறார். தெரிந்தால் பழிவாங்கியே ஆக வேண்டும். கடைசியில் தெரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகிறார், அவர் கதி என்ன என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஒரு குறை. படம் எடுக்கப்பட்டது மிசோரியின் டேனி, கிறிஸ்டியன் கவுன்ட்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை), மக்கள் நிஜமாக வாழும் வீடுகளில். டேனி கவுன்ட்டியில்தான் பிரான்சன் இருக்கிறது. இசை அரங்குகளும் ஓட்டல்களும் நிறைந்த சுற்றுலா நகரம், சம்பளம் குறைந்த பருவகால வேலைகள் நிறையக் கிடைக்கும். படத்தில் அதன் சாயலே இல்லை. அதனால் மெத் அல்லது ராணுவம், இரண்டை விட்டால் அந்தப் பகுதியில் பிழைப்பே இல்லை என்று பார்ப்பவர் நினைத்துவிடலாம். வண்டி இல்லாத, இரண்டு பிள்ளைகளையும் நோயாளித் தாயையும் விட்டு நகர முடியாத பெண்ணுக்கு அந்த வேலையும் எட்டாதுதான். அதையும் ஒரு காட்சியில் சொல்லியிருக்கலாம்.