கடல் பக்கம்: கேள்வியும் பதிலும்

ஐயா, மீன் தண்ணீரில்தானே வாழ்கிறது? அடியில் சேறு இருந்தால் என்ன, மணல் இருந்தால் என்ன? 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விட்டும் குஞ்சு பெருகவில்லை என்று தேவனாம்பட்டினத்தில் பேசிக்கொள்கிறார்களே?
– எஸ். ரேவதி, மஞ்சக்குப்பம்

முட்டையிடத் தரை வேண்டாம் அம்மா. பெரும்பாலான கடல் மீன்கள் முட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். பொரிந்த குஞ்சும் சில வாரம் நீரோட்டம் போன பக்கம் போகும். அதற்குப் பிறகு இறங்க இடம் தேடும் பாருங்கள், அங்கேதான் கணக்கு தீர்கிறது. லட்சக்கணக்கில் முட்டையிட்டாலும், இறங்கிய இடத்தில் ஒளிய வழியும் வாய்க்கு அடங்கிய இரையும் இல்லையென்றால் மற்ற மீனுக்குத் தீனிதான்.

நாக்கு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண். தரையில் இறங்கும் பருவத்தில் ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கத்துக்கே வந்துவிடும். பிறகு ஆயுள் முழுக்க ஒருக்களித்த படுக்கைதான். பரங்கிப்பேட்டையில் படித்த காலத்தில் தபால்தலை அளவு குஞ்சு ஒன்றை வெள்ளைத் தட்டில் விட்டோம், பளிச்சென்று தெரிந்தது. வெள்ளாற்று மணலை ஒரு பிடி போட்டதும் உடம்பைச் சிலுப்பிப் புதைந்துகொண்டது. இரண்டு கண் மட்டும் மேலே. அதே குஞ்சு வெறும் பாறையில் இறங்கினால் எத்தனை நேரம் தாங்கும்?

கிழங்கானும் வலையைக் கண்டால் மணலுக்குள் புகுந்துவிடும். கலவாக் குஞ்சுக்குப் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டின் இடுக்கு வேண்டும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் ஏறி, பிச்சாவரம் மாதிரியான சேற்று உப்பங்கழியில் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். முகத்துவாரம் மணல் மூடினால் அந்த வழியே அடைபட்டுவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விடும் தடை, முட்டையிடும் தாய் மீனைக் காக்கிறது. வேண்டியதுதான். ஆனால் மறுநாளே இழுவலையின் பலகையும் சங்கிலியும் அடியைச் சுரண்டினால், புழு வளை, சிப்பி, பாசி எல்லாம் போய்விடும். (இதை எழுதினால் விசைப்படகு வைத்திருக்கும் என் மச்சான் ஒரு வாரம் பேசமாட்டார்.) அலை படும் ஆழமற்ற மணல் ஓரளவு சீக்கிரம் தேறும். பார் உடைந்தால் நம் காலத்தில் தேறாது. வலையின் பின்பக்க மடிப் பையில் சதுரக் கண் வைத்தால் பொடி மீன் தப்பும், சரி. தப்பிய பொடி எங்கே போய் ஒதுங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

புதுச்சேரிக் கடலில் கான்கிரீட் போட்டால் மீன் பெருகுமாமே?
– கு. அன்பழகன், முத்தியால்பேட்டை

இரண்டைப் போட்டுக் குழப்புகிறார்கள். தலைமைச் செயலகம் பக்கம் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018-இல் இறக்கிய ஆப்பு வடிவ இரும்புத் திட்டு, அரித்துப் போன கடற்கரையில் மணல் சேர்வதற்காக. மீனுக்காகப் போடுவது செயற்கைப் பார், கான்கிரீட் கூடுகள். அதில் பாசியும் சிப்பியும் ஒட்டும், பொடி மீன் வந்து ஒண்டும், அதைத் தேடிப் பெரிய மீன் வரும். ஆனால் சுற்று வட்டாரத்தில் இருந்த மீன் ஓரிடத்தில் கூடியதா, புதிதாகப் பெருகியதா என்று பார்க்க வேண்டும். கூடிய இடத்திலேயே எல்லாரும் வலை விட்டால் முன்னைவிடச் சீக்கிரம் காலியாகும். தூண்டில் மட்டும் என்று ஊரே கட்டுப்பாடு வைத்தால் பலன் உண்டு. கலவா, செப்பிலிக்கு ஆகும். இறாலுக்கும் மடவைக்கும் கான்கிரீட்டால் ஒரு பயனும் இல்லை, அவற்றுக்குக் கழிதான்.

விரல் நீளக் கொடுவா மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்

வாங்காதீர்கள். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெருத்த பிறகுதான் பெண்ணாக மாறும். விரல் நீளத்தில் அது இன்னும் ஒன்றுமே ஆகவில்லை. பொடி மீன்தான் வேண்டுமென்றால் காரப்பொடி மீன் கேளுங்கள். அது வளர்ந்தாலும் அவ்வளவுதான், குழம்புக்கும் ருசி.