1984 நாவலின் முடிவில் வின்ஸ்டன் சாகிறானா? பின்னிணைப்பு நம்பிக்கை தருகிறதா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984 நாவலில், நாட்டை ஆளும் சர்வாதிகாரக் கட்சியை எதிர்த்துப் பிடிபட்ட வின்ஸ்டன் ஸ்மித் கடைசிப் பக்கத்தில் சுட்டுக் கொல்லப்படுகிறானா? கதை முடிந்த பிறகு வரும், கட்சி உருவாக்கும் நியூஸ்பீக் என்ற புது மொழியைப் பற்றிய பின்னிணைப்பு, கட்சியின் ஆட்சி பின்னாளில் ஒழிந்துபோனதைச் சொல்கிறதா?

முதலாவதற்கு என் பதில், இல்லை. இரண்டாவதற்கு, ஆமாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஆமாமால் வின்ஸ்டனுக்கு ஒரு பயனும் இல்லை. முடிவைப் பற்றி வாதாடுகிற பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு பத்தி கடைசி அத்தியாயத்திலேயே இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை நாவல் முடிவதே அங்கேதான்.

முதலில் தோட்டா விஷயத்தைப் பார்த்துவிடலாம். வின்ஸ்டன் செஸ்நட் ட்ரீ கஃபேயில் உட்கார்ந்திருக்கிறான். முன்னால் கிராம்பு மணக்கும் ஜின், ஒரு சதுரங்கப் பலகை. ஆப்பிரிக்காவில் மாபெரும் வெற்றி என்று கட்சியின் செய்தித் திரையான டெலிஸ்கிரீன் முழங்குகிறது, தெருவில் ஆரவாரம் எழுகிறது. அவன் இருந்த இடத்தை விட்டு எழவில்லை, மனதுக்குள்ளேயே கூட்டத்தோடு ஓடுகிறான். கிளாஸை மறுபடி நிரப்பிவிட்டுப் போவதைக்கூடக் கவனிக்காத மயக்கம் அது. அந்த மயக்கத்தில்தான், தன்னைச் சித்திரவதை செய்த அன்பு அமைச்சகத்துக்குத் திரும்பிப் போகிறான், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், வெள்ளை ஓடு பதித்த தாழ்வாரத்தில் நடக்கிறான், வெகுநாளாகக் காத்திருந்த தோட்டா மூளைக்குள் இறங்குகிறது. அடுத்த வரியிலேயே கட்சித் தலைவன் பெரியண்ணனின் பெரிய முகத்தை நிமிர்ந்து பார்க்கிறான். ஜின் நெடியோடு கண்ணீர் மூக்கின் இருபுறமும் வழிகிறது. சுடப்பட்டவன் நிமிர்ந்து பார்க்க மாட்டான். அது அவன் கண்ட கனவு.

ஆனால் சாவு வரும் என்பதில் சந்தேகம் வேண்டாம். உன்னைக் குணப்படுத்திவிட்டுக் கடைசியில் சுடுவோம் என்று அவனைச் சித்திரவதை செய்த கட்சிக்காரன் ஓபிரையன் முன்பே சொல்லிவிட்டான். முதல் பாகத்தை நினைத்துப் பாருங்கள். ஜோன்ஸ், ஆரன்சன், ரதர்ஃபோர்ட் என்ற மூன்று பழைய தலைவர்கள் இதே கஃபேயில், இதே கிராம்பு ஜின்னோடு, ஆட்டம் தொடங்காத சதுரங்கப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். விடுதலையாகி வந்தவர்கள்தான். ரதர்ஃபோர்டின் கண்கள் நிறைந்திருப்பதை அன்று பார்த்தவன் வின்ஸ்டன். பிறகு அவர்களை மறுபடி பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றார்கள். இப்போது அவர்கள் இடத்தில் அவன். எந்த நாள் என்று ஆர்வெல் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

அடுத்தது பின்னிணைப்பு. நியூஸ்பீக், கதை நடக்கும் நாடான ஓஷியானியாவின் ஆட்சிமொழியாக இருந்தது என்று இறந்தகாலத்தில் தொடங்கும் பகுதி. 2050 வாக்கில் அது பழைய மொழியை முற்றிலும் அகற்றிவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டதாம். இந்த நடையைப் பிடித்துக்கொண்டுதான், எழுதுகிறவர் கட்சி ஒழிந்த பிறகு வாழ்கிறார், ஆகவே நாவல் நம்பிக்கையோடு முடிகிறது என்கிறார்கள். மார்கரெட் அட்வுட் இந்தப் பக்கம்தான். அவருடைய தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல் (1985) நாவலும், அதில் வரும் கொடுங்கோல் ஆட்சி போய் வெகுகாலம் கழித்து நடக்கும் ஓர் ஆய்வரங்கத்தின் உரையோடு முடியும்.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாவல் முழுவதுமே இறந்தகாலத்தில்தான் ஓடுகிறது, பின்னிணைப்பில் மட்டும் அதற்குத் தனி அர்த்தம் எப்படி வரும்? சரி, காலத்தை விட்டுவிடுவோம். எனக்கு வலுவாகப் படுவது வேறு. பின்னிணைப்பை எழுதுகிறவர் ஷேக்ஸ்பியர், மில்டன், டிக்கன்ஸ் பெயர்களை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறார். அவர்களுடைய நூல்களை நியூஸ்பீக்கில் மாற்றிவிட்டு மூலங்களை அழிக்கத் திட்டம் இருந்தது என்கிறார். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் ஒரு பகுதியை, மக்களின் உரிமையைப் பறிக்கும் அரசை மாற்றவோ ஒழிக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு என்ற அந்தப் பகுதியை, அப்படியே எடுத்துப் போடுகிறார். இதை நியூஸ்பீக்கில் சொல்லவே முடியாது, ஒரே வார்த்தையில் 'சிந்தனைக் குற்றம்' என்று முடித்திருப்பார்கள் என்கிறார். கட்சி அதிகாரத்தில் இருக்கும் நாட்டில் இப்படி எழுதிவிட்டு ஒருவர் உயிரோடு இருக்க முடியுமா? ஆகவே ஏதோ ஒரு காலத்தில் அது போயிருக்கிறது. எப்படிப் போனது, எத்தனை தலைமுறைக்குப் பிறகு என்பதற்குப் புத்தகத்தில் ஒரு துப்பும் இல்லை.

ஆர்வெல்லுக்கு இந்தப் பகுதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு வெளிச் சான்று ஒன்று உண்டு. 1949-இல் அமெரிக்காவின் புக் ஆஃப் த மந்த் கிளப், பின்னிணைப்பையும், கட்சியின் எதிரியான கோல்ட்ஸ்டைன் எழுதியதாக நாவலில் வரும் பகுதிகளையும் வெட்டினால் புத்தகத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அவர் அப்போது காசநோயோடு சானடோரியத்தில் படுத்திருந்தார். பெரிய தொகை கைவிட்டுப் போகலாம் என்று தெரிந்தும் மறுத்துவிட்டார். கிளப் பிறகு முழுப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டது. நாவல் ஜூன் 1949-இல் வெளிவந்தது, 1950 ஜனவரியில் ஆர்வெல் இறந்துவிட்டார். பின்னிணைப்பைப் படிக்காமல் மூடிவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

இன்னொரு வாதமும் அடிக்கடி வரும். கடைசி அத்தியாயத்தில் வின்ஸ்டன் மேஜைத் தூசியில் விரலால் 2 + 2 = 5 என்று எழுதுகிறான். பிரிட்டனில் பல ஆண்டுகள் விற்ற பதிப்புகளில் அந்த 5 இல்லை. 2 + 2 = என்று வெறுமனே நின்றது. அதை வைத்து, அவன் முழுதாகப் பணியவில்லை என்று வாதிட்டவர்கள் உண்டு. அழகான வாசிப்புதான், ஆனால் எழுத்தாளர் அங்கே 5 என்றுதான் எழுதியிருந்தார். அச்சில் விழுந்துபோன எண்ணின் மேல் நம்பிக்கையைக் கட்ட வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்த பத்தி. வெற்றிச் செய்திக்குச் சற்று முன்பு, சதுரங்கப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, வின்ஸ்டனுக்கு அழைக்காமலே ஒரு நினைவு வருகிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஓர் அறை. ஒன்பது பத்து வயதுப் பையனாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். அம்மா காணாமல் போவதற்கு ஒரு மாதம் முன்பு. வெளியே கொட்டும் மழை, உள்ளே பசி, சலிப்பு. நச்சரித்துத் தீர்க்கிறான். சமர்த்தாக இரு, பொம்மை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா மழையிலேயே வெளியே போகிறாள். பக்கத்தில் எப்போதாவது திறக்கும் கடையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியோடு வருகிறாள். நம் பரமபதம் போன்ற பாம்பும் ஏணியும் ஆட்டம். பெட்டி நனைந்த வாடை அவனுக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அட்டை விரிசல் விட்டிருக்கிறது, மரப் பகடை சரியாகச் செதுக்காததால் நேராக விழாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பையன் கொஞ்ச நேரத்தில் காய் ஏணியில் ஏறும்போதும் பாம்பில் சறுக்கும்போதும் கத்திச் சிரிக்கிறான். எட்டு ஆட்டம், ஆளுக்கு நாலு. ஆட்டம் புரியாத குட்டித் தங்கை தலையணையில் சாய்ந்துகொண்டு, இவர்கள் சிரிப்பதால் தானும் சிரிக்கிறாள்.

உடனே அவன் அந்தக் காட்சியை மனதிலிருந்து தள்ளிவிடுகிறான். அது பொய் நினைவு என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். சில நடந்தவை, சில நடக்காதவை. திரும்பக் காயை எடுக்கிறான், எக்காளம் ஊதுகிறது, வெற்றிச் செய்தி வருகிறது. மீதி எல்லோருக்கும் தெரிந்தது.

அன்பு அமைச்சகத்தின் 101-ஆம் அறையில் கூண்டிலிருந்த எலிகள் முகத்தருகே வந்தபோது, தன் காதலி ஜூலியாவுக்குச் செய்யுங்கள் என்று அலறியதைத்தான் பலரும் அவனுடைய வீழ்ச்சியாகச் சொல்வார்கள். அது பயத்தில் வந்தது. எந்த மனிதனையும் அங்கே நிறுத்தினால் அதுதான் நடக்கும். கஃபேயில் கூண்டு இல்லை, ஓபிரையன் இல்லை. அவனாகவே தன் அம்மாவைப் பொய் என்கிறான். எனக்குப் பெரியண்ணன் மேல் அன்பு வந்துவிட்டது என்ற கடைசி வரியைவிட இது கொடுமை.

அதே பத்தியில்தான் கட்சி தோற்றதும் தெரிகிறது. உன்னைப் பிழிந்து காலியாக்கி எங்களால் நிரப்புவோம் என்று சொல்லியிருந்தான் ஓபிரையன். காலியாகவில்லை. இப்படிப்பட்ட பொய் நினைவுகள் அவ்வப்போது தொல்லை தரும் என்று எழுதியிருக்கிறது, அதாவது இது முதல் முறை இல்லை. நினைவை நம்பாமல் இருக்க அவனைப் பழக்க முடிந்தது, அது எழும்பாமல் செய்ய முடியவில்லை.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு நண்பர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அவனே மறுத்துவிட்ட நினைவால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் நாவலிலேயே, இரண்டாம் பாகத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அங்கே வின்ஸ்டன் ஜூலியாவிடம் இன்னொரு நினைவைச் சொல்கிறான். பசியில் தங்கையின் கையிலிருந்த சாக்லேட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன் அவன். அம்மா அந்த நோஞ்சான் குழந்தையைக் கையால் அணைத்துக்கொள்கிறாள். அதனால் சாக்லேட் திரும்பி வரவில்லை, குழந்தையின் சாவும் தள்ளிப்போகப் போவதில்லை. ஆனாலும் அப்படிச் செய்வது அவளுக்கு இயல்பாக இருந்தது. பிரயோஜனம் இல்லாததால் ஒரு செயல் அர்த்தமற்றதாகிவிடும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள் என்று அப்போது அவனுக்குப் புரிகிறது. கட்சி செய்த பெரிய அநியாயமே, வெறும் உணர்வுக்கு மதிப்பில்லை என்று மக்களை நம்பவைத்ததுதான் என்கிறான்.

நண்பர் கேட்டது கட்சி கேட்கும் கேள்வி என்று அவரிடமே சொன்னேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை, அடுத்த கூட்டத்திலும் பேசுவோம். நீங்களும் அந்த ஏழாம் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். அப்புறம் பின்னிணைப்புக்குப் போகலாம்.