அரையாண்டு லீவும் ஒரு வாளித் தண்ணீரும்

கேள்வி: அஞ்செட்டிப் பக்கம் மலையோரக் கிராமம் ஒன்றில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி, 34 பிள்ளைகள். அதில் 19 பேருடைய அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். பிள்ளைகள் ஆயா தாத்தாவோடு இருக்கிறார்கள். போன அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் காலை உணவை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பிரேயரில் வாந்தி எடுத்தான். உதடெல்லாம் வெடிப்பு. ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. இந்த வருஷம் லீவில் காலை நேரமாவது பள்ளியைத் திறந்து, என் செலவில் சமைத்துப் போடலாம் என்று நினைக்கிறேன். தலைமை ஆசிரியர், "நமக்கெதுக்கும்மா வம்பு" என்கிறார். என் கணவரும் மகளும் சேலத்தில். லீவு விட்டால்தான் நான் வீட்டுக்குப் போக முடியும். என்ன செய்யட்டும்?
— ஓர் ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

பள்ளியைத் திறக்க வேண்டாம். சேலத்துக்குப் போங்கள். உங்கள் மகளுக்கும் அம்மா வேலைக்காக வெளியூரில்தான் இருக்கிறாள், இல்லையா? குத்திக் காட்டவில்லை. நானும் தருமபுரி மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் இப்படியே ஓடி, என் பையன் வளர்ந்ததைப் பாதிதான் பார்த்தேன்.

உங்கள் தலைமை ஆசிரியர் சொன்ன 'வம்பு' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு நியாயமும் இருக்கிறது. நீங்கள் ஒருவராக அடுப்பு மூட்டி, ஒரு பிள்ளை காலில் கஞ்சி கொட்டிக்கொண்டால் அன்றோடு எல்லாம் முடிந்தது. அது மட்டுமில்லை. நீங்கள் சமைத்துப் போட்டால், 'டீச்சர் பார்த்துக்குறாங்க' என்று ஊர் ஒதுங்கிக்கொள்ளும். அடுத்த வருஷம் உங்களுக்கு மாறுதல் வந்தால் அந்தப் பையன் மறுபடியும் பழைய இடத்தில் நிற்பான்.

முதலில், அவன் ஏன் பசியோடு வந்தான் என்று பார்ப்போம். ரேஷனில் அரிசி சும்மாவே கிடைக்கிறது. வீட்டில் கேழ்வரகும் இருந்திருக்கும். அவன் ஆயா காலை ஆறு மணிக்கே அவரை பறிக்கவோ தக்காளி பறிக்கவோ கூலிக்குப் போயிருப்பார். களியைக் கிண்டி உருண்டை பிடித்து மூடி வைத்துவிட்டுத்தான் போயிருப்பார். ஆனால் எட்டு வயதுப் பையன் தனியாக உட்கார்ந்து ஆறிப்போன களியைத் தின்பானா? ஒரு வாய் பிட்டுப் போட்டுவிட்டு விளையாடப் போயிருப்பான். வீட்டில் தானியம் இருந்தும் வருகிற பசி இது. எதிரே உட்கார்ந்து "இன்னும் ஒரு வாய்" என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பள்ளியில் அந்த ஆள் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு மட்டும்தான், அதாவது மதியம் ஒரு வேளை. 2023 ஆகஸ்ட் 25-இல் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தபிறகு, பிள்ளைகளின் இரண்டு வேளைச் சாப்பாடு பள்ளிக்குள் வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் லீவு விட்டால் இரண்டு வேளையும் ஒரேயடியாக நின்றுபோகிறது. வாரத்துக்கு ஐந்து முட்டையும் அதோடு போகிறது. பத்து நாள் லீவு என்றால் பள்ளிக்கு அது சின்ன எண். அந்தப் பையனின் உடம்புக்கு அப்படியில்லை.

இதில் உங்களுக்குக் கைகொடுக்கக்கூடிய ஆள் காலை உணவு சமைக்கிற அக்கா. மகளிர் குழுவைச் சேர்ந்தவர், பெரும்பாலும் அவர் பிள்ளையும் அதே பள்ளியில்தான் படிக்கும். நீங்கள் வருகைப் பதிவேட்டில் பார்ப்பதைவிட அவர் கரண்டியில் அதிகம் பார்க்கிறார். திங்கட்கிழமை யார் முதல் ஆளாக வந்து நிற்கிறான், யார் இரண்டாம் முறை தட்டை நீட்டும்போது தலையைக் குனிந்துகொள்கிறான், எந்தப் பெண் பாதியைத் தம்பிக்கு டப்பாவில் எடுத்துப் போகிறாள், எல்லாம் அவருக்குத் தெரியும். தேர்வு நடக்கிற வாரத்தில் ஒரு நாள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். 19 பெயர் சொல்ல மாட்டார். நாலைந்து பெயர்தான் சொல்வார். உங்கள் கவலை அந்த நாலைந்து பேருக்கானது. மற்றவர்களுக்கு ஆயாவோ சித்தியோ பக்கத்து வீட்டு அத்தையோ யாராவது இருக்கிறார்கள்.

இந்த நாலைந்து பேருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டித் தர வேண்டாம். பணமும் வேண்டாம். நான் ஒரு முறை என் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாத்தாவிடம் அரிசிப் பை கொடுத்தேன். அந்தத் தாத்தா மறுநாள் காலையில் பையை அப்படியே கொண்டுவந்து பள்ளித் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை.

அடுத்த வருஷம் வேறு வழியில் போனேன். பள்ளிக்கூடத்து வேலியோரம் நாங்கள் நட்டிருந்த இரண்டு பப்பாளிக் கன்றும் ஒரு கீரைப் பாத்தியும் இருந்தன. மார்கழிப் பனி ஈரம் மண்ணுக்குள் போகாது. தண்ணீர் ஊற்றாவிட்டால் பத்து நாளில் கீரை கருகிவிடும். தினமும் காலை எட்டு மணிக்கு வந்து ஆளுக்கு ஒரு வாளி ஊற்ற வேண்டும் என்று மூன்று பிள்ளைகளைப் பொறுப்பாக்கினேன். வாளி சத்துணவு சமைக்கிற அம்மா வீட்டில் இருக்கும். அங்கே போய் வாங்கி, ஊற்றி முடித்து, அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கிற நேரம் அந்த வீட்டில் அடுப்பு எரிகிற நேரம். "வந்த காலோட ரெண்டு வாய் தின்னுட்டுப் போங்கடா" என்பது அந்த அம்மா வாயில் தானாக வரும். வேலை செய்த பிள்ளைக்கு வெட்கமும் வராது. மூன்று ஆயாமாரிடமும் முன்கூட்டியே பேசி, ஆளுக்கு இரண்டு படி கேழ்வரகு அந்த வீட்டுக்குக் கொடுக்க வைத்தேன். அதனால் யாருக்கும் யாரும் தானம் கொடுத்ததாக ஆகவில்லை. பப்பாளி ஒன்று பட்டுப்போனது, அது வேறு கதை.

உங்கள் ஊரில் காலை உணவு அக்கா வீடு பள்ளிக்குப் பக்கம் என்றால் இது நடக்கும். தூரம் என்றால் வேலியோரத்து வேறு வீடு ஏதாவது பாருங்கள். கேட்டைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. சாவி தலைமை ஆசிரியரிடமே இருக்கட்டும். கன்றை வேலிக்கு வெளியே நட்டுவிடுங்கள்.

களியைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் பொங்கலும் கிச்சடியும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு 'களி தின்கிறவன்' என்பது கேலிப் பேச்சாகிவிட்டது. லீவுக்கு முன்னால் வகுப்பில் நீங்களே களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஒரு நாள் டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுங்கள். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசி பக்கத்தில்கூட வராது என்று பாடம் நடத்துவதைவிட, டீச்சர் விரலால் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதைப் பார்த்தால் அவர்களுக்குப் புரியும்.

அப்புறம் ஆபத்துகள். மழை முடிந்து கிணறும் பண்ணைக் குட்டையும் கல் குவாரிப் பள்ளமும் நிரம்பி நிற்கிற மாதம் இது. குவாரிப் பள்ளத்தில் படி கிடையாது, கரை செங்குத்து. நீச்சல் தெரிந்தவனும் ஏற முடியாது. ஐப்பசி கார்த்திகையில் பன்னார்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக இறங்குகிற யானைக் கூட்டம் கேழ்வரகு அறுத்துக் களத்துக்கு வரும் வரைக்கும் இங்கேயே இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொழுது சாய்ந்தபின் கடைக்குப் பீடி வாங்கிவரப் பேரனை அனுப்பக் கூடாது என்று தாத்தாக்களிடம் சொல்லத்தான் வேண்டும். இன்னொன்று, பலருக்கும் தோன்றாதது: குளிர் காய்கிற நெருப்பு. விடிகாலையில் ஸ்வெட்டர் இல்லாத பிள்ளைகள் குப்பையைக் கூட்டிக் கொளுத்தி அதைச் சுற்றி உட்காருவார்கள். நைலான் பாவாடையில் பொறி பட்டால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்திச் சட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். உதடு வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

வீட்டுப்பாடமாக ஒன்று முதல் நூறு வரை பத்து முறை எழுதச் சொல்லாதீர்கள். கடைசி நாள் இரவில் பக்கத்து வீட்டு அக்காதான் எழுதிக் கொடுப்பாள். அரசின் வாசிப்பு இயக்கம் தந்த 'நுழை', 'நட' என்கிற சின்னக் கதைப் புத்தகங்கள் உங்கள் அலமாரியில் இருக்கும். ஆளுக்கு இரண்டைக் கொடுத்துவிடுங்கள். கிழிந்தால் கிழியட்டும். உங்கள் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் நிறைய. பத்து நாள் தமிழ் காதில் விழாமல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்தை மறந்துவிட்டு வருகிறார்கள் என்று உங்களைப் போன்றவர்கள் வருத்தப்படுவது எனக்குத் தெரியும். புத்தகத்தை அவ்வாவுக்கு, அதாவது பாட்டிக்கு, தமிழில் வாசித்துக் காட்டி, கதையைத் தெலுங்கில் சொல்லட்டும். எழுத்தும் மறக்காது, அவ்வாவுக்கும் பொழுது போகும்.

இனி நீங்கள் எழுதாத ஒன்று. அந்தப் பையன் வாரம் முழுக்கப் பேசாமல் இருந்ததற்குப் பசி மட்டும் காரணமில்லை என்று எனக்குப் படுகிறது. பெங்களூர் போனவர்கள் ஊருக்கு வருவது பொங்கலுக்கு. அரையாண்டு லீவுக்கு அவர்களுக்கு லீவு கிடையாது, கான்கிரீட் போடுகிற வேலை நிற்காது. அதனால் அந்தப் பத்து நாளும் பிள்ளைக்குக் காத்திருக்கிற நாள். எல்லா நாளும் ஆயா, "அப்பா நாளைக்கு வருவாரு" என்பார். தேற்றுவதற்காகச் சொல்கிற பொய்தான். ஆனால் பத்து நாள் தினமும் ஏமாந்த பிள்ளை பேசுமா?

 அந்தப் பையனுக்கு வெள்ளைத் தாளில் நாளுக்கு ஒன்றாக நீங்களே கட்டம் போட்டுக் கொடுங்கள். டிசம்பர் கடைசி வாரம் தொடங்கி பொங்கல் வரை. பொங்கல் கட்டத்தில் அவனே பானை வரையட்டும். தினமும் ஒரு கட்டத்தை அடிக்க வேண்டும். 'நாளைக்கு' என்பதைவிட 'இன்னும் பதினாலு' என்பதைப் பிள்ளைகள் எளிதாகத் தாங்கிக்கொள்கிறார்கள். கூடவே, பெற்றோருக்கு நீங்களே ஒரு போன் போட்டு, லீவு நாளில் தினமும் ஒரே நேரத்தில், இரவு எட்டு என்றால் எட்டுக்கே, பிள்ளையோடு பேசச் சொல்லுங்கள். ஆயாவின் போனில் ரீசார்ஜ் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். பல வீடுகளில் விஷயமே அதுதான்.

பள்ளி திறக்கிற அன்று ஒரு காரியம் மட்டும் செய்யாதீர்கள். 'விடுமுறையில் நான் போன இடம்' என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். நான் ஒரு வருஷம் எழுதச் சொன்னேன். பதினொரு பிள்ளைகள் ஒகேனக்கல் போயிருந்தார்கள். முதல் வரிசையில் இருந்தவன் எழுதியதை வரிசையாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் கூடுதலாக, 'அங்கே மீன் வறுவல் சாப்பிட்டோம், அப்பா முள் எடுத்துக் கொடுத்தார்' என்று எழுதியிருந்தாள். என்ன மீன் என்று விளையாட்டாகக் கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா இரண்டு வருஷமாக ஊருக்கு வரவில்லை என்பது அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

பள்ளி திறக்கிற அன்றைக்குக் காலை உணவை முதலில் அரைக் கரண்டி போட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி போடச் சொல்லுங்கள் அக்காவிடம். காய்ந்த வயிறு அளவில்லாமல் வாங்கினால் வெளியேதான் வரும். யார் வரவில்லை என்பதை அன்றைக்கே பாருங்கள். லீவுக்குப் பெங்களூர் கூட்டிப்போன பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ள, பெற்றோர் தங்கியிருக்கிற தகர ஷெட்டிலேயே தங்கிவிட வாய்ப்புண்டு. பொங்கல் கழித்து விசாரித்தால் காலம் கடந்துவிடும். பேசாத பிள்ளையை வகுப்பு முன்னால் கேட்காதீர்கள். பக்கத்தில் வைத்துக்கொண்டு சாக்பீஸ் எடுத்துத் தரச் சொல்லுங்கள். யாராவது அடித்தார்கள், தொட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் மட்டும் 'பார்க்கலாம்' என்று தள்ளிப் போடாமல் அன்றே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது. அதற்குத் தலைமை ஆசிரியர் வம்பு என்று சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கன்று வாங்க நாற்றங்காலுக்குப் போகும்போது பப்பாளி வேண்டாம், முருங்கைக் கொம்பு வெட்டி நடுங்கள். லேசில் பட்டுப்போகாது.