காசில்லாமல் 'கேஷ்' தேடலாமா?

கேள்வி: அக்கா, என் மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு. மகனின் வகுப்புத் தோழன் ஒருவன் வார இறுதியில் அப்பாவோடு 'ஜியோகேஷிங்' போகிறானாம். பூங்காவில் யாரோ ஒளித்து வைத்த பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து இவன் நச்சரிப்பு தாங்க முடியவில்லை. அந்த அப்பாவிடம் 400 வெள்ளிக்கு வாங்கிய ஜிபிஎஸ் கருவி இருக்கிறது, ஆண்டுச் சந்தாவும் கட்டுகிறார். எங்கள் வீட்டில் கணவர் ஒருவர் சம்பளம்தான். ஜூன் விடுமுறைக்கென்று 50 வெள்ளி ஒதுக்கி வைத்திருக்கிறேன். கையில் இருப்பது நாலு வருடப் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி. இதை வைத்து ஆரம்பிக்க முடியுமா? அவ்வளவு தூரம் போய் ஒன்றும் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் முகம் வாடிவிடுமே என்றும் கவலையாக இருக்கிறது.
— உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

தாராளமாக முடியும். பத்துப் பெட்டி கண்டுபிடிக்கும்வரை எதையும் வாங்குவதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த விளையாட்டைப் பற்றிக் கேள்விப்படாத மற்ற வாசகர்களுக்கு: 'கேஷ்' என்றதும் காசு என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒளித்து வைத்த பெட்டி. ஒருவர் டப்பாவை ஒளித்துவிட்டு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். நாம் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளிந்திருக்கின்றன. நம் சிங்கப்பூரிலும் நிறைய உண்டு.

இது தொடங்கிய கதையை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் சமிக்ஞையை அமெரிக்க அரசு ஒருகாலத்தில் வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தப்புக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் அதிபர் கிளின்டன் அந்தக் குழப்பத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய மறுநாளே, மே 3ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரமாக வைத்துவிட்டு, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று எண்களை வெளியிட்டார். வாளிக்குள் சில புத்தகங்கள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் அவரை. சில நாளிலேயே ஆள் கண்டுபிடித்துவிட்டார். இத்தனை பெரிய விளையாட்டின் முதல் முதலீடு ஒரு வாளியும் வீட்டில் கிடந்த சாமான்களும்தான்.

இப்போது அந்த 400 வெள்ளிக் கருவி. நாள்கணக்கில் மலையிலும் காட்டிலும் நடப்பவர்களுக்கு அது நல்ல துணை. மழையில் நனைந்தாலும் கீழே விழுந்தாலும் கெடாது, பேட்டரியும் தாங்கும். நம் ஊரில் வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்கும் பூங்காக்களுக்கும் நடுவே தேட அது எதற்கு? கைப்பேசியிலும் ஜிபிஎஸ்தான் இருக்கிறது, திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டிவிடும். உயரமான கட்டடங்களுக்கு இடையே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் விலை உயர்ந்த கருவியும் திணறும். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள் உங்களை ஒரு புதர் வரைக்கும் கொண்டுவந்து விடும். புதருக்குள் எங்கே என்று கண்டுபிடிப்பது உங்கள் ஆறு வயது மகளின் வேலை. குழந்தைகளின் கண் நம் இடுப்பு உயரத்தில் இருப்பதால் நமக்குப் படாதது அவர்களுக்குப் படும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, ஜிபிஎஸ் டேட்டாவைத் தின்பதில்லை. தின்பது வரைபடம்தான். வீட்டு வைஃபையில் அந்த வட்டார வரைபடத்தையும் பெட்டியின் விவரத்தையும் இறக்கி வைத்துக்கொண்டால் வெளியே டேட்டாவை அணைத்துவிட்டே தேடலாம்.

சந்தாவும் வேண்டாம். ஜியோகேஷிங் டாட் காமில் இலவசக் கணக்கு திறக்கலாம். குடும்பத்துக்கு ஒரே பெயர் போதும், பெயர் வைப்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், அதிலேயே ஒரு சாயங்காலம் ஓடிவிடும். அந்தத் தளத்தின் செயலியில் இலவச உறுப்பினருக்கு எளிய பெட்டிகள் மட்டும் திறக்கும், மற்றவை பூட்டிக் கிடக்கும். அதைப் பார்த்து ஏமாந்து பணம் கட்டாதீர்கள். சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பெட்டிகளை விட்டால், மற்றவற்றின் விவரத்தை இலவசக் கணக்கிலேயே இணையப் பக்கத்தில் பார்க்க முடியும். உங்களுடையது ஆண்ட்ராய்டு என்பதால் 'சி:ஜியோ' என்ற இலவசச் செயலியும் இருக்கிறது, தன்னார்வலர்கள் எழுதியது. நான் பயன்படுத்துவது அதுதான்.

என் முதல் நாளைச் சொல்கிறேன். என் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு பூங்காவுக்குப் போனேன். பக்கத்தில் எது இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன், வேறெதையும் படிக்கவில்லை. ஒரு பெஞ்சின் அடியில் முக்கால் மணி நேரம் கையை விட்டுத் துழாவினோம். கிடைத்தது எறும்புக் கடியும் ஒட்டிக் காய்ந்த சூயிங்கமும். (சூயிங்கம் விற்கத் தடையுள்ள இந்த ஊரில் அது எப்படி வந்தது என்பது தனிப் புதிர்.) மழை பிடித்துக்கொண்டது. டாக்சி பிடித்து வீடு வந்தபோது மீட்டரில் 22 வெள்ளி. விளையாட்டுக்கு ஒரு காசு செலவில்லை, வீடு திரும்பத்தான் அத்தனை வெள்ளி! அப்புறம் உட்கார்ந்து அந்தப் பெட்டியின் பக்கத்தைப் படித்தால், எங்களுக்கு முன் தேடிய நான்கு பேரும் 'கிடைக்கவில்லை' என்றே எழுதியிருக்கிறார்கள். பெட்டி எப்போதோ காணாமல் போயிருக்கிறது.

உங்கள் கவலைக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. கிளம்புவதற்கு முன் கால் மணி நேரம் படியுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு, கண்டுபிடிக்க எவ்வளவு கடினம், போய்ச் சேர எவ்வளவு கடினம் என்று, 1 முதல் 5 வரை. உங்கள் முதல் ஐந்து பெட்டிகளில் இரண்டு மதிப்பெண்ணும் ஒன்றரையைத் தாண்டக் கூடாது. அளவு 'ஸ்மால்' அல்லது 'ரெகுலர்' என்று இருக்கட்டும். 'மைக்ரோ' என்றிருந்தால் இப்போது வேண்டாம். அது ஃபிலிம் டப்பா அளவுதான் இருக்கும், சிலது அதைவிடச் சின்னது. விரல்நுனி அளவுக்கு ஒரு காந்தக் குப்பி, கைப்பிடிக் கம்பியின் பின்னால் திருகாணி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். திறந்தால் உள்ளே பீடியைவிட மெலிதாகச் சுருட்டிய காகிதம். அதை நகத்தால் வெளியே எடுத்து, பெயர் எழுதி, மறுபடி சுருட்டி உள்ளே நுழைப்பதற்குள் எனக்கே பொறுமை போய்விடும். முதல் தடவை பிள்ளைகள் கையில் மூடி திறக்கிற டப்பா கிடைக்க வேண்டும். உள்ளே சின்னப் பொம்மையோ சாவிக்கொத்தோ இருக்க வேண்டும். முக்கியமாக, கடைசியாக எப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த மாதமோ போன மாதமோ என்றால் போகலாம்.

குறிப்பு என்று ஒன்று கொடுத்திருப்பார்கள், இணையப் பக்கத்தில் அது ஆங்கில எழுத்தை மாற்றிப் போட்ட சங்கேதமாக இருக்கும். ஏ என்றால் என், பி என்றால் ஓ, இப்படிப் பதின்மூன்று எழுத்து தள்ளி. பொத்தானை அழுத்தினால் தானே அவிழ்ந்துவிடும், ஆனால் அழுத்தாதீர்கள். தாளில் எழுதிக் கொடுத்து மகனை பஸ்ஸில் அவிழ்க்கச் சொல்லுங்கள். உட்லண்ட்ஸிலிருந்து எங்கே போனாலும் பஸ் பயணம் நீளம்தானே.

எங்கே போகலாம்? முதலில் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருப்பவை. வரைபடத்தைத் திறந்தால் உங்கள் புளோக்கைச் சுற்றியே ஒன்றிரண்டு தென்படலாம், தினமும் தாண்டிப் போகும் இடமாகவே இருக்கும். அது முடிந்ததும் பழைய மலாயா ரயில் பாதை. 2011இல் ரயில் நின்றுபோன 24 கிலோமீட்டர் தடம் இப்போது நடைபாதை, சமதரை, சின்னக் கால்களுக்கும் சிரமமில்லை. பஸ்ஸில் போய் ஒரு பக்கம் இறங்கி நடந்து இன்னொரு பக்கம் ஏறலாம். ஒரு பெட்டிக்காக ஒரு பயணம் என்று போகாமல், ஒரே நடையில் மூன்று நான்கு வருகிற மாதிரிப் பாருங்கள். ஒன்று கிடைக்காவிட்டாலும் அடுத்தது இருக்கும், முகமும் வாடாது. காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். மதியத்தில் இடி மழை வந்தால் எனக்கு நேர்ந்த டாக்சிக் கதைதான்.

பையில் பென்சில் இரண்டு. ஈரத் தாளில் பேனா எழுதாது. தண்ணீர், வீட்டில் செய்த சாப்பாடு, கொசு மருந்து. மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பக்கம் போனால் சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகளுக்கு அந்தப் பை நன்றாகத் தெரியும். பெட்டிக்குள் மாற்று வைப்பதற்கு வீட்டிலேயே சாமான் இருக்கும், பிறந்தநாள் விருந்தில் வந்த பொம்மை, ஊருக்குப் போய் மிச்சமான நாணயம். எடுப்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கவே கூடாது. எண் பொறித்த உலோகத் தகடு மாட்டிய பொருள் கிடைத்தால் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. ஊர் ஊராகப் பயணம் போகும் பொருள் அது. அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு இணையத்தில் பதிவு செய்யுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் ஒருவர் பதுங்கிப் பதுங்கிக் கம்பிக்கடியில் கையை விட்டால் பார்ப்பவர் போலீசுக்குச் சொல்வார், சொல்லவும் வேண்டும். ஒளிந்து ஒளிந்து தேடுகிறேன் என்று நாடகம் போடாதீர்கள். யாராவது கேட்டால் கைப்பேசியைக் காட்டி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் பெட்டியைத் தொடாமல் விட்டுவிடலாம். இயற்கை வனப்பகுதியில் பாதையை விட்டு இறங்கவே கூடாது, தேசியப் பூங்காக் கழகத்தின் அபராதம் உங்கள் 50 வெள்ளியில் அடங்காது.

பத்தாவது பெட்டிக்கு அப்புறம் மகன் தானே ஒன்றை ஒளிக்க ஆசைப்படுவான். கொஞ்சம் ஆறப்போடுங்கள். இன்னொரு பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், மண்ணில் புதைக்கக் கூடாது, இடத்துக்கு உரியவரிடம் அனுமதி வேண்டும், நனைந்த தாளை மாற்ற அடிக்கடி போய்ப் பார்க்கவும் வேண்டும். தண்ணீர் புகாத பழைய சாப்பாட்டு டப்பா ஒன்றை அதற்கென்று இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஆசை அடங்கும்.

மீதி இருக்கும் வெள்ளியில் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பவர்பேங்க் ஒன்று வாங்குங்கள். நாலு வருடப் பேட்டரி, திரையை எரியவிட்டுத் தேடினால் இரண்டு மணி நேரம் தாங்குவதே பெரிது. தாளில் யார் பெயர் எழுதுவது என்று சண்டை வரும், கண்டுபிடித்தவர் திறக்கட்டும், மற்றவர் எழுதட்டும்.

முதல் பெட்டி கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். எங்கே இருந்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உட்லண்ட்ஸ் பக்கம் நான் இன்னும் தேடவில்லை.