கழுவுநீரில் நாகம்: பால்மம் ஏன் உடைகிறது?

கேள்வி: இரும்புச் சாமான்களுக்கு நாக (துத்தநாக) முலாம் பூசுகிறோம். கழுவுநீரிலுள்ள நாகத்தைத் திரவப் படல முறையில், அதாவது அமிலத்துளிகளை எண்ணெய்ப் படலம் மூடிய பால்மத்தை (பால்போன்ற கலவையை) நீரில் விட்டு, பிரித்துப் பார்த்தோம். பால்மம் உடைந்து, எடுத்த நாகம் திரும்ப நீருக்குள்ளேயே போகிறது. எங்கே பிழை?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: அநேகமாகக் கலக்கும் வேகத்தில்தான். பால்மம் தயாரிக்கும்போது வேகம் வேண்டும். கழுவுநீரில் விட்டபின் கூடாது. தொடக்க அளவாக மண்ணெண்ணெய் 92, ஸ்பான்-80 (பால்மம் உடையாமல் காக்கும் பொருள்) 3, டீ2ஈஎச்பிஏ (நாகத்தைப் பிடித்து எண்ணெய்க்குள் கொண்டுபோகும் பொருள்) 5 வீதம் கலந்து, அதேயளவு 1 மோலார் சல்பூரிக்கமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு 10 நிமிடம் அதிவேகத்தில் அடியுங்கள். வெண்பாலாக வரும். இதில் 100 மில்லிலீற்றரை, பிஎச் 3 உள்ள 1 லீற்றர் கழுவுநீரில் விட்டு நிமிடத்துக்கு 250 சுற்றில் 5–10 நிமிடம் கலக்கினால் போதும். கூடநேரம் விட்டால் உள்ளிருக்கும் அமிலம் நீரை இழுத்து, பால்மம் வீங்கி உடையும். ஸ்பானை அள்ளி விடுவது மருந்தல்ல. வீக்கம் கூடும், பிறகு உடைத்து நாகத்தை எடுப்பதும் பெரும்பாடு.

வன்னிக் கிணற்று நீரின் வன்தன்மையையும் பாருங்கள். கல்சியமும் உள்ளே போய் ஜிப்சமாகப் படியும். கழுவுவதற்கு மழைநீர் நல்லது.

நீங்கள் முலாம் பூசுவது சயனைட் கரைசல் தொட்டியில் என்றால் அமிலம் கிட்டவே வரக்கூடாது. கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும். உண்மையில், சிறு பட்டறைக்குச் சுண்ணாம்பிட்டு பிஎச் 9–9.5இல் நாகத்தைப் படியவைப்பதே மலிவு.