மாயர் எழுத்தைத் திறந்த 'தப்பான' அரிச்சுவடி

கேள்வி: மாயா நாகரிகத்தின் எழுத்துகளை எப்படிப் படித்தார்கள்? எகிப்துக்கு ரோசெட்டா கல் கிடைத்த மாதிரி ஏதாவது கிடைத்ததா?

ரோசெட்டா கல்லில் ஒரே செய்தி தெரிந்த மொழியிலும் புரியாத எகிப்திய எழுத்திலும் இருந்தது. கிட்டத்தட்ட அப்படி ஒன்று இங்கும் கிடைத்தது. கொடுமை என்னவென்றால், அதை எழுதி வைத்தவரும் மாயர்களின் ஏடுகளைக் கொளுத்தியவரும் ஒரே ஆள்.

2012-இல் உலகம் அழியப் போகிறது, மாயர் நாட்காட்டியே சொல்லிவிட்டது என்று எங்கள் விடுதியில் ஒரே பேச்சு. அது என்ன என்று தேடப் போய்த்தான் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன். (உலகம் அழியவில்லை. எனக்கு இரண்டு அரியர் விழுந்தது.)

தியேகோ தெ லாண்டா என்ற ஸ்பானியத் துறவி, 1562 ஜூலையில் இன்றைய மெக்சிகோவின் யுகடான் பகுதியில் மானி என்ற ஊரில் மாயர் ஏடுகளைத் தீயில் போட்டார். அவர்கள் அதற்கு எவ்வளவு வேதனைப்பட்டார்கள் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். இன்று மிஞ்சியிருப்பவை நான்கே ஏடுகள்.

அதே லாண்டா, எழுதத் தெரிந்த ஒரு மாயரை உட்கார வைத்து, ஸ்பானிய எழுத்துகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி "உங்கள் எழுத்தில் இதை எழுது" என்றார். அவர் 'பே' (B-யின் ஸ்பானியப் பெயர்) என்று சொன்னதும், பாதையில் பதிந்த காலடித் தடத்தை வரைந்தார் அந்த மனிதர். மாய மொழியில் 'பே' என்றால் பாதை! அடுத்து, சுருக்குக் கயிறைக் குறிக்கும் 'லே' என்ற சொல். லாண்டா அதை எழுத்துக் கூட்டி, "எலே (L), ஏ (E), லே" என்றார். அவரும் காதில் விழுந்ததை ஒன்று விடாமல் 'எ-லே-எ-லே' என்று எழுதினார். சரி, ஏதாவது ஒரு வாக்கியம் எழுது என்றதற்கு வந்த பதில்: "மா இன் காத்தி." அதாவது, எனக்கு இஷ்டமில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்தக் குறிப்பின் பிரதி 1862-இல் மாட்ரிட்டில் கிடைத்தது. ஒரு குறிக்கு ஓர் எழுத்து என்று வைத்து வாசித்துப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. லாண்டா உளறியிருக்கிறார் என்று ஓரங்கட்டிவிட்டார்கள்.

1952-இல் லெனின்கிராடில் இருந்த சோவியத் ஆய்வாளர் யூரி க்னோரோசோவ், மாயர் நாட்டில் கால் வைக்காமலே முடிச்சை அவிழ்த்தார். அந்த மாயர் எழுதியது எழுத்தை அல்ல, அசையை. ஏட்டில் வான்கோழிப் படத்துக்கு மேலே இரண்டு குறிகள் இருந்தன. முதலாவது லாண்டாவின் 'கு'. வான்கோழிக்கு மாயச் சொல் 'குத்ஸ்'. அப்படியானால் இரண்டாவது 'த்ஸு' ஆக வேண்டும். இந்த ஊகம் சரியென்றால், நாயைக் குறிக்கும் 'த்ஸுல்' என்ற சொல்லில் அதே குறி முதலில் வர வேண்டும். வந்தது! பின்னாலேயே லாண்டாவின் 'லு' குறி. கடைசி உயிர் எழுத்தில் இருக்கும், வாயில் வராது. புள்ளி வைக்காத ஓலைச்சுவடியில் 'ம' என்றிருப்பதை இடம் பார்த்து 'ம்' என்று படிப்போமே, ஏறக்குறைய அந்த மாதிரி.

பனிப்போர்க் காலம் வேறு. அன்றைய மாயவியல் ஜாம்பவான் எரிக் தாம்ப்சன் 1975-இல் சாகும்வரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. நடுவில் 1960-இல் தாத்தியானா ப்ரோஸ்கோரியாகோஃப் என்ற ஆய்வாளர், பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற மாயர் நகரத்தின் கல்வெட்டுகளில் இருப்பவை அரசர்கள் பிறந்த, பட்டமேறிய நாட்கள் என்று காட்டினார். அதுவரை அவற்றை வானியல், பூசை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஒரு குடுவை. 1984-இல் குவாத்தமாலாவின் ரியோ அசுலில் ஒரு கல்லறையில் கிடைத்தது. மூடியைத் திருகித்தான் திறக்க வேண்டும், ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி. அதன் மேல் இருந்த குறிகளை மாய எழுத்து ஆய்வாளர் டேவிட் ஸ்டூவர்ட் 'க-க-வ' என்று படித்தார். ஒரு குறி அப்படியே மீன் வடிவம். கடைசி உயிரை விட்டுவிட்டால் 'ககவ்', அதாவது கக்காவோ, சாக்லேட் செய்யும் கொட்டை. உள்ளே ஒட்டியிருந்ததைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தியோப்ரோமின் இருப்பதாக முடிவு வந்தது. சாக்லேட்டில் இருக்கும் அதே பொருள்தான்.