வாசகர் கேள்வி பதில்: தாத்தாவைச் சாகடிக்காதீர்கள்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து 20 நிமிடக் குறும்படம் எடுக்கப்போகிறோம். பாக்ஸிங் பழகும் பையன், அவனை வளர்க்கும் கள்ளிறக்கும் தாத்தா. முடிவில் பையன் மாவட்டப் போட்டியில் ஜெயிக்கிறான்; அதே நேரம் ஆஸ்பத்திரியில் தாத்தாவின் உயிர் பிரிகிறது. கதை கேட்டவர்கள் ‘நல்லா இருக்கு’ என்கிறார்கள், ஆனால் யாருக்கும் மனம் கனக்கவில்லை. எங்கே தவறு?
(ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: முதலில் தாத்தாவைச் சாகடிக்காதீர்கள். அவர் போய்விட்டால் ஜெயித்ததை அந்தப் பையன் யாரிடம் வந்து சொல்வான்? அவன் வீட்டுக்குத் திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும் இடத்தில்தான் உங்கள் கதையே இருக்கிறது.

என் அப்புச்சியும் (அம்மாவின் அப்பா) வேலந்தாவளம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கள் இறக்கியவர்தான். நான் ஒலிப்பதிவு வேலைக்கு வருவதற்கு முன்னால், 15 வயதிலிருந்து மூன்று வருடம் பாக்ஸிங் பழகினேன். அதனால் உங்கள் கதையை வெறும் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

அப்புச்சி விரியாத பாளையைக் கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டுவார். பிறகு சின்னக் கட்டையால் நாள் தவறாமல் மெல்லத் தட்டுவார். ஓங்கி அடித்தால் பாளை கெட்டுப்போகும், தட்டாமல் விட்டால் கள் ஊறாது. நுனியைச் சீவிக் கலயத்தை மாட்டிவிட்டு இறங்குவார். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. அவர் உள்ளங்கை மரப்பட்டை போல இருக்கும்.

என் முதல் போட்டி அன்று காலையில் கிளவுஸுக்கு உள்ளே சுற்றும் பேண்டேஜ் துணியை என்னிடமிருந்து வாங்கினார். நாலரை மீட்டர் துணி. பாளைக்குக் கயிறு சுற்றுகிற மாதிரியே அதை என் கையில் சுற்றினார். விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது.

“இறுக்கமா இருக்கா கண்ணு?”

“இல்லீங்க அப்புச்சி.”

போட்டி நடக்கும் இடத்துக்குப் போனதும் கழிப்பறைக்குள் நுழைந்து அவிழ்த்து, நானே வேறு மாதிரி சுற்றிக்கொண்டேன். அவர் துணியின் நுனியைக் கட்டைவிரல் ஓரத்தில் செருகியிருந்தார். நான் மணிக்கட்டில் செருகினேன். அன்றைக்குத் தோற்றேன். கிளவுஸைக் கழற்றும்போது அவர் பக்கத்தில் நின்றிருந்தார், நுனி இடம் மாறியிருந்ததைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு துணியை நிதானமாக அவிழ்த்தார். ஊர் வருவதற்குள் சுருட்டிப் பையில் வைத்துவிட்டார்.

அடுத்த போட்டிக்கு அவர் சுற்றிவிடவில்லை. துவைத்துக் காயவைத்துச் சுருட்டிய துணியை என் கையில் கொடுத்ததோடு சரி. ‘கொஞ்சம் தளர்த்துங்க’ என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் இன்னொரு முறை சுற்றிவிட்டிருப்பார். இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது.

உங்கள் பையனும் தாத்தாவும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் விட்டது எது என்று தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் ஆஸ்பத்திரிக் காட்சி தேவைப்படாது. கட்டில், சலைன் பாட்டில் வாடகையும் மிச்சம்.

கேள்வி: சண்டைக் காட்சியில் தாத்தா ரிங்கின் மூலையில் நின்று பையனுக்கு ஊக்கம் கொடுப்பதாக எழுதியிருக்கிறோம். சரியா? எத்தனை ரவுண்டு காட்டலாம்?
(அதே வாசகர்)

பதில்: தாத்தாவுக்கு அங்கே இடமில்லை. பதிவு பெற்ற பயிற்சியாளர்கள்தான் மூலையில் நிற்கலாம். அவரைக் கூட்டத்தில், பின்வரிசை நாற்காலியில் உட்காரவையுங்கள். இது உங்கள் படத்துக்கு நல்லதுதான். ஒரு நிமிட இடைவேளையில் பையன் தண்ணீர் கொப்பளிக்கிறான், பயிற்சியாளர் மலையாளத்தில் ‘கை பொக்கு, கை பொக்கு’ (கையைத் தூக்கு) என்கிறார். தாத்தாவுக்கு உதட்டசைவு மட்டும்தான் தெரிகிறது. அந்த ஒரு நிமிடத்தை வெட்டாமல் முழுதாக வையுங்கள்.

15, 16 வயதுப் பையன்களுக்கு 3 ரவுண்டு, ஒவ்வொன்றும் 2 நிமிடம். இடைவேளைகளையும் சேர்த்தால் 8 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். 8 நிமிடத்துக்காக ஒரு வருடம் விடியற்காலையில் ஓடியிருப்பான். ரெஃப்ரி மூன்றே மூன்று சொல்தான் சொல்வார்: பாக்ஸ், ஸ்டாப், பிரேக். ‘ஃபைட்’ என்று கத்தவிடாதீர்கள். முகம் தெரியவில்லை என்று கேமராமேன் தலைக்குப் போடும் ஹெட்கார்டைக் கழற்றச் சொல்வார், அதற்கும் சம்மதிக்காதீர்கள். 2013-ல் அதை எடுத்தது பெரிய ஆண்களின் பிரிவுக்குத்தான். பையன்களுக்கு உண்டு.

நாக்அவுட் வேண்டாம். முடிவு அறிவிக்கும் முன் ரெஃப்ரி இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். மைக்கில் சிவப்பு மூலை, நீல மூலை என்றுதான் சொல்வார்கள். தன் பேரன் எந்த நிறம் என்று தாத்தா பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்கட்டும்.

கேள்வி: பேரனுக்குப் பதில் பேத்தி என்று மாற்றினால் நம்புவார்களா?
(ஒரு வாசகி, மீனாட்சிபுரம்)

பதில்: ஏன் நம்பமாட்டார்கள்? கண்ணூரைச் சேர்ந்த கே.சி.லேகா 2006-ல் டெல்லியில் நடந்த உலகப் பெண்கள் குத்துச்சண்டைப் போட்டியில் 75 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். மேரி கோமும் தங்கம் வாங்கிய போட்டி அது. மேரி கோமைத் தெரியும் அளவுக்கு லேகாவை நம் பக்கத்திலேயே பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம். தாராளமாக மாற்றுங்கள். ஒன்று மட்டும்: ‘பொம்பளைப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு’ என்ற வசனத்தைத் தாத்தா வாயில் வைக்காதீர்கள். அதைச் சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். தாத்தா அவள் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கட்டும்.

கேள்வி: ஆடி மாதம் தோப்பில் படப்பிடிப்பு வைக்கலாமா?
(ஒரு வாசகர், கோபாலபுரம்)

பதில்: பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். மேற்குக் காற்று முழுவதும் அதன் வழியாகத்தான் நம் மேல் வந்து விழுகிறது. ஆடியில் மைக்குக்கு ரோம உறை போட்டாலும் வசனம் தேறாது. பேச்சுக் காட்சிகளை வீட்டுக்குள் எடுங்கள், அல்லது தை மாதத்துக்குத் தள்ளுங்கள். ஆனால் ஆடியில் ஒரே ஒரு நாள் விடியலில் மைக்கை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய், மட்டைகள் உரசும் சத்தத்தையும், மேலே பாளையைத் தட்டும் சத்தத்தையும் தனியாகப் பதிவு செய்து வையுங்கள். பையன் பஞ்சிங் பேக்கில் குத்தும் காட்சிக்கு அடியில் அதைப் போட்டுப் பாருங்கள்.